கான்ஸோ துறைமுக மீனவர் சரித்திரம்: ஐக்கிய சங்க அங்கத்தினருக்கு ஒரு பாடம்

கிராமந்தோறும் உள்ள ஐக்கிய சங்கங்களின் கூட்டங்களுக்குச் செல்லும்போது அங்கத்தினர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இவ்வருஷம் எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதே. "சங்கத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? அது எவ்வாறு செலவாகிறது? அதில் என் பொறுப்பு யாது?" என்று கேட்போர் மிகச் சிலர். இவ்விருவகைக் கேள்விகளில் எது முந்த வேண்டும் என்பதை வெறும் உபதேசமாகச் சொன்னால் மனத்தில் பதியாது. ஆகையால், நம்மைப் போலவே கடனில் உழன்ற ஏழை ஜனங்கள் ஒரு கடற்கரையில் தாமே தம்மை உயர்த்திக்கொண்ட உண்மைச் சரித்திரத்தை இங்கே எடுத்துரைப்போம். அது நடந்த இடம் வெகு தூரத்தில் உள்ளது. ஆயினும் அங்கத்தினர்கள் இதைப் படித்து முடிக்கையில், அவ்வூர் தம் ஊருக்கு அடுத்த ஊர் போலத் தோன்றும் என்று நம்புகிறோம்.

1. தேசமும் ஜனங்களும்

வட அமெரிக்காக் கண்டத்தின் வடகிழக்குக் கரையில், கானடா தேசத்தைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியா என்னும் மாகாணம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் பெருநிலப் பகுதியின் கிழக்குக் கோடியில் கான்ஸோ என்னும் துறைமுகம் இருக்கிறது. கரை முழுவதும் பாறை, மண் சொற்பம், பனிக்காலம் நீண்டது. ஆனால் கரைக்கு அப்பால் உள்ள கடல்மேடுகளில் காட் என்னும் மீன் ஏராளமாய்க் கிடைத்து வந்தது. கரையோரப் பாறை இடுக்குகளில் சிங்கி இறால் மிகுதி.

அந்நாட்டின் ஆதிக்குடிகள் மீக்மாக் என்னும் இனத்தார். அவர்களுக்குப் பின் பிரெஞ்சுக்காரர் மீன்பிடிக்க வந்து, சிற்சில இடங்களில் குடியேறினர். அகேடியர் எனப்பட்ட அப்பிரெஞ்சுக் குடிகளில் பெரும்பாலோரை 1755-ம் வருஷம் முதல் ஆங்கிலேயர் நாடு கடத்தினர். தப்பியவர்களும் திரும்பி வந்தவர்களும் கரையோரத்தில் மீண்டும் ஊர்களை அமைத்துக்கொண்டனர். 1773-ம் வருஷம் 'ஹெக்டர்' என்னும் கப்பலில் சுமார் 200 ஸ்காட்லாந்து மலைநாட்டார் பிக்டோ துறையில் வந்து இறங்கினர். சொந்த நாட்டில் நிலச்சுவான்தார்களின் குத்தகைக் கொடுமை தாங்காமல் பின்னும் பலர் வந்து சேர்ந்தனர். இவ்வாறு வெவ்வேறு பாஷை பேசிய ஜனங்கள், வறுமை ஒன்றினால் மாத்திரம் சமமாயிருந்து, ஒரே கரையில் வாழ்ந்து வந்தனர்.

கான்ஸோவுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதன் அருகிலுள்ள ஹேஸல் ஹில் என்னும் இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சமுத்திரத் தந்தி நிலையம் ஒன்று வேலை செய்து வந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சென்ற வியாபாரச் செய்திகள் பல அவ்வழியே கடந்து சென்றன. உலகத்துச் சந்தை நிலவரமெல்லாம் ஊரின் ஓரமாய்ப் போய்க்கொண்டிருக்க, தான் பிடித்த மீன் பட்டணத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கரையிலிருந்த மீனவன் அறியாதிருந்தான்.

2. கஷ்டத்தின் காரணம்

மீனவனுக்கு உப்பு, வலைநூல், தூண்டில் முதலியன வேண்டும். பனிக்காலத்தில் குடும்பத்துக்கு மாவும் துணியும் வேண்டும். இவையெல்லாவற்றையும் கரையிலுள்ள வியாபாரி கடனாகக் கொடுப்பான். பருவத்தில் பிடிபடும் மீனைத் தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்வான். சாமானின் விலையை எழுதுபவனும் அவனே; மீனின் விலையை எழுதுபவனும் அவனே. பெரும்பாலும் ரொக்கம் கைமாறுவதில்லை. வருஷம் முடிந்ததும் கணக்கில் பாக்கி நிற்கும். அப்பாக்கி அடுத்த வருஷமும் அவனுக்கே மீனை அளக்கும்படி செய்யும்.

நம் நாட்டில் கடலைக்கோ பருத்திக்கோ முன்பணம் வாங்கும் குடியானவருக்கு இம்முறை புதிதன்று. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரொக்கத்துக்கு 100 ரூபாய் பெறும் சாமானை ஒருவர் கடனாக வாங்க, அது கணக்கில் 110 ரூபாய் என்று எழுதப்படுகிறது. ஆறு மாதம் கழித்து, சந்தையில் 120 ரூபாய் பெறும் சரக்கை அவர் 110 ரூபாய்க்கு ஒப்படைத்துக் கணக்கைத் தீர்க்கிறார். அவர் பெற்றது 100 ரூபாய். கொடுத்தது 120 ரூபாய். ஆறு மாதத்துக்கு 20 ரூபாய் என்றால், வருஷத்துக்கு நூற்றுக்கு 40 ஆகிறது. கணக்கில் வட்டி என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் வட்டி தீராமல் ஓர் அரிசியும் வீட்டுக்கு வரவில்லை.

இந்நிலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டிராலர் எனப்படும் நீராவி இழுவலைக் கப்பல்கள் வரலாயின. சிறு படகுக்காரர் பல நாள் உழைத்துப் பிடிக்கும் மீனை அவை வெகு விரைவில் வாரிச் சென்றன. சந்தையில் விலையும் தாழ்ந்தது. வாலிபர் பலர் ஊரை விட்டுப் பாஸ்டன் முதலிய பட்டணங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். கிழவரும் குழந்தைகளும் மிஞ்சிய ஊர்கள் பல.

3. டாம்ப்கின்ஸ் பாதிரியார்

கான்ஸோவிலிருந்து சற்றுத் தூரத்தில் ஆன்டிகோனிஷ் என்னும் ஊர் உள்ளது. 1853-ம் வருஷம் அரிஷாட் என்னும் ஊரில் தொடங்கி, 1855-ல் இவ்வூருக்கு மாற்றப்பட்ட புனித பிரான்ஸிஸ் ஸேவியர் கலாசாலை அங்கே இருக்கிறது. அதன் துணைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்னும் பாதிரியார். 1870-ல் பிறந்த இவர் உருவத்தில் சிறியவர், பேச்சில் விரைவானவர். கலாசாலையின் அறிவு பணக்காரப் பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியதன்று, உழுபவனுக்கும் வலை வீசுபவனுக்கும் உரியது என்பது இவருடைய கொள்கை. இதை வற்புறுத்தி, 'ஜனங்களுக்கு அறிவு' என்னும் பொருள்படும் தலைப்புடன் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 1921-ம் வருஷம், பரீட்சையும் சம்பளமும் இல்லாத ஜனப் பள்ளி ஒன்று ஆன்டிகோனிஷில் நடந்தது. வேலை குறைந்த பனிக்காலத்தில் சுமார் ஐம்பது பேர் வந்து படித்துச் சென்றனர்.

மாகாணத்துக் கலாசாலைகள் பலவற்றையும் ஒன்றாக்க வேண்டும் என்னும் திட்டத்தை இவர் ஆதரித்தார். மேற்றிராணியார் அதை எதிர்த்தார். அதன் பயனாக 1922-ம் வருஷக் கடைசியில் இவர் கலாசாலையினின்று நீக்கப்பட்டுக் கான்ஸோவுக்கு அனுப்பப்பட்டார். தண்டனை போல வந்த அம்மாற்றமே அவ்வூராருக்கு நன்மையாய் முடிந்தது. பாதிரியார் சட்டைப்பை நிறையச் சிறு பிரசுரங்களை வைத்துக்கொண்டு துறையிலும் கடையிலும் நடமாடுவார். எதிர்ப்பட்டவர் கையில் ஒன்றைக் கொடுப்பார். மறுமுறை காணும்போது அதைப் பற்றிக் கேள்வி கேட்பார். தாம் விடை சொல்லுவதைவிட ஜனங்களைக் கேள்வி கேட்கப் பழக்குவதிலேயே அவருக்கு விருப்பம் அதிகம். இவ்வாறு சில வருஷங்கள் கழிந்தன. வெளியே பார்ப்பவருக்கு ஒரு பலனும் தெரியவில்லை.

4. 1927-ம் வருஷம் ஜூலை 1

அன்று கானடா ராஜ்யம் ஏற்பட்டு அறுபது வருஷம் நிறைந்தது. தேசமெங்கும் கொடியும் கொண்டாட்டமும். கான்ஸோ மீனவரோ கூட்டம் கூடி, தாங்கள் கொண்டாடுவதற்கு என்ன இருக்கிறது என்று தங்கள் குறைகளை எடுத்துப் பேசினர். இச்செய்தி பத்திரிகைகளில் பரவியது. அவ்வட்டாரத்துப் பாதிரிமாரும் அவர்களுக்காக எழுதினர். அவ்வருஷத்திலேயே சர்க்கார், நீதிபதி மக்லீன் என்பவரின் தலைமையில் மீன்பிடித் தொழிலைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை நியமித்தனர். அக்கமிஷனின் முன் சாட்சியம் சொன்னவர்களில் டாம்ப்கின்ஸின் உறவினரான மோஸஸ் கோடி பாதிரியார் முக்கியமானவர். 1928-ல் வெளியான அறிக்கை, மீனவர் ஐக்கிய சங்கங்களை ஏற்படுத்த வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

அதே 1928-ம் வருஷம் கலாசாலை, ஊர்தோறும் சென்று கற்பிப்பதற்கென ஒரு பிரிவை ஏற்படுத்திக் கோடியை அதற்குத் தலைவராக்கியது. அடுத்த வருஷம் சர்க்காரின் வேண்டுகோளின்படி அவர் கரையோரமெங்கும் சுற்றி மீனவரை ஒன்று திரட்டினார். 1930-ம் வருஷம் ஹாலிபாக்ஸ் நகரில் ஐக்கிய கடல்நாட்டு மீனவர் சம்மேளனம் தோன்றியது.

இங்கே அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாகாணத்திலேயே ஸ்டெல்லார்டன் என்னும் சுரங்க ஊரில் 1861-ம் வருஷமே தொழிலாளர் ஓர் ஐக்கியப் பண்டகசாலை திறந்திருந்தனர். ஆகவே ஐக்கியம் என்னும் வழி அந்நாட்டுக்குப் புதிதன்று. அவ்வழியில் தாமும் நடக்கலாம் என்னும் தெளிவு கரையோர மீனவருக்கு உண்டாகத்தான் அத்தனை வருஷங்கள் ஆயின.

5. லிட்டில் டோவர் கிராமம்

கான்ஸோவுக்கு அருகே லிட்டில் டோவர் என்னும் குக்கிராமம் இருக்கிறது. அங்குள்ள ஜனங்கள் கான்ஸோவாரிலும் ஏழைகள். பாறையின்மேல் வீடுகள், பயிர் செய்ய நிலமில்லை. டாம்ப்கின்ஸின் தூண்டுதலால் அவர்கள் கூடிப் படிக்கத் தொடங்கினர். தாங்கள் பிடிக்கும் சிங்கி இறாலைப் பிறர் வாங்கி டப்பியில் அடைத்து லாபம் பெறுகிறார்களே, அதைத் தாங்களே செய்தால் என்ன என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கட்டிடத்துக்கு மரம் எவ்வளவு, இயந்திரத்துக்கு விலை என்ன, கையில் உள்ளது எவ்வளவு, குறைவது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர்.

மரம் வாங்கப் பணமில்லை; ஆனால் கைகள் இருந்தன. பனிக்காலத்தில் காட்டுக்குச் சென்று மரம் வெட்டிக் கொண்டுவந்தனர். தங்கள் உழைப்பாலேயே கட்டிடத்தை எழுப்பினர். இயந்திரத்துக்குக் குறைந்த தொகையை மாத்திரம் கடனாகப் பெற்றனர். 1930-ம் வருஷத்தை ஒட்டி அத்தொழிற்சாலை வேலை செய்யத் தொடங்கியது. இதைக் கண்ட மற்ற ஊரார் தாமும் தொழிற்சாலைகள் கட்டினர். உயிர்ச் சிங்கி இறாலைப் பெட்டிகளில் அடைத்துப் பாஸ்டன் சந்தைக்குச் சங்கத்தின் பேராலேயே அனுப்பவும் கற்றனர்.

கடன் அவர்களும் வாங்கினார்கள். ஆனால் கணக்குப் பார்த்து, தம் உழைப்பை முதலில் போட்டு, குறைவதற்கு மாத்திரம் வாங்கினார்கள். கடன் முதலிலும் யோசனை பின்னுமாக நடக்கும் சங்கங்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

6. படிப்பு வட்டம் நடந்த விதம்

முதலில் ஊரார் எல்லோரையும் அழைத்து ஒரு பெருங்கூட்டம் நடத்துவார்கள். அதில் ஊரின் நிலைமை விளக்கப்படும். பின்பு விருப்பமுள்ளோர் ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் தங்களுள் ஒருவரையே தலைவராகத் தெரிந்தெடுப்பார்கள். வெளியூர் வாத்தியார் இல்லை. வாரம் ஒருமுறை யாரேனும் ஒருவர் வீட்டுச் சமையலறையில், அடுப்பின் அருகே கூடுவார்கள். கலாசாலையிலிருந்து வரும் சிறு பிரசுரத்தை எழுத்தறிந்தவர் படிக்க, மற்றவர் கேட்டு விவாதிப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை பல வட்டத்தாரும் ஒன்றாகச் சேர்ந்து, தாம் கண்ட முடிவுகளை ஒப்பிடுவார்கள். தலைவர்களுக்கென ஆன்டிகோனிஷில் குறுகிய காலப் பயிற்சியும் நடந்தது. ஸ்திரீகளும் தமக்கென வட்டங்கள் வைத்துப் படித்தனர்.

இவ்வட்டங்களுக்கு ஒரு விதி உண்டு: படிப்பு ஏதேனும் ஒரு காரியத்தில் போய் முடிய வேண்டும். பண்டகசாலையைப் பற்றிப் படித்தவர் பண்டகசாலை வைத்தனர். மீன் விற்பனையைப் பற்றிப் படித்தவர் விற்பனைச் சங்கம் அமைத்தனர். 1935-ல் டாம்ப்கின்ஸ் ரிஸர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே சுரங்கத் தொழிலாளரின் ஒரு வட்டத்தார் வீட்டைப் பற்றிப் படித்தனர். முதலில் அட்டையில் சிறு மாதிரி வீடுகள் செய்து பார்த்தனர். பின்பு 1938-ல் தம் கையாலேயே கட்டிய வீடுகளில் குடியேறினர்.

7. நாணய சங்கமும் நம் நாடும்

ஏழைகளின் சிறு சேமிப்பைத் திரட்டி ஏழைகளுக்கே கடன் கொடுக்கும் நாணய சங்கங்களும் அங்கு எழுந்தன. அதற்கான மாகாணச் சட்டம் 1932-ல் பிறந்தது. ப்ராட் கோவ், ரிஸர்வ் மைன்ஸ் ஆகிய ஊர்களின் சங்கங்கள் முதலில் தோன்றியவற்றைச் சேர்ந்தவை. அவற்றை அமைக்க உதவ அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து வந்தவர் ராய் பெர்கன்கிரென் என்பவர்.

இதில் நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெர்கன்கிரெனை இவ்வேலைக்கு அமர்த்தியவர் பாஸ்டன் நகரத்து வியாபாரியான எட்வர்ட் பைலீன். இவர் 1907-ம் வருஷம் இந்தியாவுக்கு வந்தபோது வங்காளத்தில் கிராம ஐக்கிய நாணய சங்கங்களைக் கண்டு வியந்தார். குடியானவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று பணம் புழங்குவதைப் பார்த்த அவர், தம் நாட்டுக்குத் திரும்பியதும் அம்முறையைப் பரப்ப முனைந்தார். 1909-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் நாணய சங்கச் சட்டம் பிறப்பதற்கு உதவியவர்களில் அவரும் ஒருவர். கானடாவின் கியூபெக் மாகாணத்தில் 1900-ம் வருஷமே சங்கம் தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டின் மற்றொருவர்.

நம் சங்கங்களுக்கு அடிகோலியவர் ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன். ஜெர்மனியில் ரைபைஸன் என்பவர் கண்ட கிராம சங்க முறையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அவர் எழுதிய அறிக்கைகளை ஒட்டியே, 1904-ம் வருஷத்து ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் சென்னை ராஜதானியின் முதற் கிராம சங்கம் பதிவாயிற்று. அதே நிக்கல்ஸனே பின்பு ராஜதானியின் மீன்பிடித் தொழிலையும் சீர்திருத்த உழைத்தார் என்பதும் நினைக்கத் தக்கது. ஆகவே கான்ஸோக் கரையில் எரிந்த விளக்கின் திரியில் ஓர் இழை நம் தேசத்தினின்றும் சென்றது என்று சொல்லலாம். நம்மிடமிருந்து சென்ற வித்து அங்கே தழைத்திருக்க, நம் ஊர்களில் பல இடங்களில் வாடியது ஏன்?

இதற்கு விடையாக, நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு கிராம சங்கத்தைப் பரிசீலிக்கச் சென்றிருந்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவரை அழைத்து, "ஐயா, உங்கள் பேரில் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். "அது எழுதுகிறவருக்குத்தான் தெரியும், நான் தவணை தவறாமல் கட்டிவிட்டேன்" என்றார். பேரேட்டைப் பார்த்தால், அவர் இரண்டு முறை கட்டிய தொகை வரவாகவில்லை. ரசீதும் அவரிடம் இல்லை. பாஸ் புஸ்தகம் சங்கத்துப் பெட்டியிலேயே இருந்தது. அவர் கண்ணில் நீர் ததும்பியது. அவர் கட்டியதை நான் நம்பினேன். ஆனால் நம்பிக்கையை வரவு வைக்கப் பேரேட்டில் இடமில்லை. தவறு செய்தவன் ஒருவன். அத்தவற்றுக்கு இடங்கொடுத்தது ஊராரின் அறியாமை.

8. பிற்காலமும் நமக்குரிய பாடமும்

கான்ஸோக் கரையின் சரித்திரம் வெற்றியோடு முடிந்துவிட்டது என்று எண்ணலாகாது. கோடி பாதிரியார் 1959-ல் காலமானார். அவ்வருஷமே அவர் பேரால் ஆன்டிகோனிஷில் ஒரு சர்வதேசக் கல்வி நிலையம் ஏற்பட்டது; பற்பல தேசத்துச் சங்க ஊழியர்கள், நம்மவர் உட்பட, அங்கே பயின்றனர். ஆனால் 1930-ல் தோன்றிய மீனவர் சம்மேளனம் 1988-ம் வருஷம் கடன் சுமையால் வீழ்ந்தது. இயந்திரக் கப்பல்கள் அளவின்றி வாரியதால் காட் மீன் அற்றுப்போக, 1993-ல் அக்கிழக்குக் கடலில் அம்மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. 2012-ம் வருஷம் ஜூலை 1-ல், மீனவர் கூடிப் பேசிய அந்நாளுக்குச் சரியாக 85 வருஷம் கழித்து, ஜனம் குறைந்து வருமானமும் குறைந்த கான்ஸோ நகரசபை கலைந்து கைஸ்பரோ வட்டாரச் சபையோடு சேர்ந்தது.

இதனால் முன்னோர் செய்தது வீண் என்பது பொருளன்று. இரண்டு தலைமுறையினர் மானத்தோடு உண்டு உடுத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். நாணய சங்கங்கள் அம்மாகாணத்தில் நிலைத்து நின்றன. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தகப்பன் கற்றது மகனுக்குத் தானே வந்துவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கூடிப் படிக்க வேண்டும். இரண்டாவது, கடலும் நிலமும் தரும் முதலைக் காப்பாற்றாவிட்டால் எவ்வளவு நல்ல சங்கமும் நிற்க முடியாது. கிணறு வற்றிய ஊரில் கடன் சங்கம் எதை நம்பிக் கடன் கொடுக்கும்?

ஆகையால் சங்க அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவே. பத்துப் பேர் சேருங்கள். வாரத்தில் ஓரிரவு ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். எழுத்தறிந்தவர் படிக்கட்டும், அறியாதவர் கேள்வி கேட்கட்டும். முதல் வாரத்தில் வேறு புஸ்தகம் வேண்டாம். அவரவர் பாஸ் புஸ்தகத்தைக் கொண்டுவாருங்கள். அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஊரை ஒருவரும் ஏமாற்ற முடியாது.

வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் என் பங்குத்தொகை எவ்வளவு? என் பேரில் நிற்கும் பாக்கி எவ்வளவு? இவற்றை எந்த ஏட்டில் பார்க்கலாம்?

2. சென்ற பருவத்தில் நம் விளைபொருளை எந்த விலைக்குக் கொடுத்தோம்? அதே நாளில் சந்தை விலை என்ன? மேலே காட்டிய முறையில் முன்பணத்தின் உண்மை வட்டியைக் கணக்கிடுக.

3. லிட்டில் டோவர் ஊரார் மரம் வெட்டியது போல, பணமின்றி உழைப்பாலேயே நம் ஊரில் செய்யக்கூடிய காரியம் எது?

4. கான்ஸோவில் மீன் அற்றுப்போனது போல, நம் ஊரில் குறைந்து வரும் முதல் எது? ஏரியா, கிணறா, மேய்ச்சல் நிலமா? அதைக் காக்கச் சங்கம் என்ன செய்யலாம்?